காவேரிப்பாக்கம் கடைவாசலிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை: கொசஸ்தலை வடிநிலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, அரக்கோணம் பக்கத்து வாசகர்களுக்கான பக்கம் இது. ஏரிப் பாசனக்காரர்களும் மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன.

வேலூருக்குக் கடலே கிடையாது. கழிமுகத்தைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

சென்னைக்கு வடக்கே கடலோடு கலக்கும் எண்ணூர் கழிக்கு (உப்பங்கழி) நீர் கொண்டுவரும் கொசஸ்தலை ஆற்றின் ஒரு தலை, அதாவது தொடக்கம், பழைய வட ஆற்காட்டில் இருக்கிறது. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி, கடைவாசல் வழியே வழியும் உபரி நீர்தான் அது. ஆற்றின் நீளம் சுமார் 136 கிலோமீட்டர். கழிமுகத்தின் வடிநிலம் என்றால் கடலோரத்துச் சதுப்பு மட்டும் என்று நினைப்பதுதான் முதல் பிழை. மழைநீர் எங்கெங்கே விழுந்து அந்த வாய்க்கு வந்து சேர்கிறதோ, அத்தனை நிலமும் அதன் வடிநிலம்தான். நெமிலியின் நஞ்சையும் தக்கோலத்துக் கரையும் அதில் சேர்த்தி.

பாலாறு வாயலூரில்தானே கடலில் சேர்கிறது?

ஆமாம், ஆற்றின் பெரிய உடல் அங்கேதான் போகிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூரில் வங்கக் கடலைத் தொடுகிறது. ஆனால் வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டில் அதன் நீரில் ஒரு பங்கு கால்வாய்களில் திருப்பப்படுகிறது. வடகரைக் கால்வாயில் ஏறிய நீர் ஏரியை நிரப்பி மிஞ்சினால் திரும்பப் பாலாற்றுக்கு வராது. கொசஸ்தலையில் இறங்கி எண்ணூருக்குப் போகும். அதாவது ஒரே ஆற்றுத் தண்ணீர், ஏறக்குறைய 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு முகத்துவாரங்களில் கடலைச் சேர்கிறது.

அணைக்கட்டில் நீர் எப்படிப் பிரிகிறது?

1858இல் கட்டி முடித்த அணைக்கட்டு அது. நீளம் ஏறக்குறைய 800 மீட்டர். நீரைத் தேக்கி வைக்கும் அணை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி, இரு கரைக் கால்வாய்களின் தலைமதகுக்கு நீர் ஏறும்படி செய்வதுதான் அதன் வேலை. இடக்கரையில், அதாவது வடகரையில், காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி கால்வாய்கள்; வலக்கரையில் சக்கரமல்லூர், தூசி கால்வாய்கள்.

அணைக்கட்டுக்குச் சற்று மேலே, திருவலம் பக்கம் பொன்னையாறு வந்து சேர்கிறது. சித்தூர் மலைகளில் பெய்யும் மழையை அது கொண்டுவருவதால், வாணியம்பாடி, ஆம்பூரில் பாலாறு வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அணைக்கட்டில் தண்ணீர் நிற்பதுண்டு. “பாலாறே காய்ந்து கிடக்கிறது, ஏரிக்கு எங்கிருந்து நீர்?” என்று கேட்பவர்கள் பொன்னையைக் கணக்கில் எடுப்பதில்லை.

இங்கே வழக்கமாகக் கெடுவது கால்வாய்தான். தலைமதகு அருகே மணல் மேடிட்டால், ஆற்றில் நீர் இருந்தும் கால்வாயில் ஏறாது. வெள்ளம் குறுகிய நாட்களுக்கே வருவதால், அந்த நாட்களில் கால்வாய் முழு அளவு இழுக்காவிட்டால் அந்த ஆண்டு ஏரி போயிற்று என்று பொருள். புரட்டாசிக்குள் தூர் வாரியிருக்க வேண்டும். மழை தொடங்கிய பிறகு இயந்திரத்தை இறக்குவது கரையை உடைப்பதற்குச் சமம்.

காவேரிப்பாக்கம் ஏரி நிரம்ப எத்தனை நாள் ஆகும்?

ஏரியின் கொள்ளளவு 1,474 மில்லியன் கன அடி. வினாடிக்கு 1,000 கன அடி வீதம் தொடர்ந்து வந்தால் ஒரு நாளில் 86.4 மில்லியன் கன அடி சேரும். ஆகவே காலி ஏரி நிரம்ப 17 நாள். 500 கன அடி என்றால் 34 நாள். ஆயக்கட்டுக்கு (ஏரிப் பாசன வயல்களுக்கு) மதகு திறந்திருந்தால் இன்னும் கூடும்.

இந்த ஏரியைப் பற்றி ஒரு விஷயம் பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை. அளவுகோலில் 30 அடி என்று படிக்கிறோம். ஆனால் நீர்ப்பரப்பு 3,968 ஏக்கர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் எட்டரை அடிதான் வருகிறது. கரையோரம் மட்டும் ஆழம், மற்றது பரந்த தட்டு. அதனால் மேல்மட்டத்து இரண்டு, மூன்று அடியிலேயே ஏரி நீரில் கணிசமான பங்கு இருக்கிறது. கலங்கல் (உபரி நீர் வழியும் இடம்) மட்டம் ஓர் அடி குறைந்தாலும் இழப்பு பெரிது. ஏரி நிறைந்திருக்கும்போது நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்தால், 2.8 மில்லியன் கன அடி நாள்தோறும் வானத்துக்குப் போகிறது. வினாடிக்கு 33 கன அடி ஓடும் ஒரு வாய்க்காலுக்கு அது சமம்.

ஏரி பல்லவர் காலத்தது. பக்கத்து மகேந்திரவாடியில் மகேந்திரவர்மன் குடைந்த விஷ்ணு கோயில் கல்வெட்டே ‘மகேந்திர தடாகம்’ என்று ஏரியைக் குறிப்பிடுகிறது. அணைக்கட்டுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் பெரிய ஏரிகள் இருந்தன. அணைக்கட்டு அவற்றுக்கு உறுதியான வரத்துக் கொடுத்தது, அவ்வளவுதான்.

கடைவாசலைத் தாண்டிய பிறகு?

நெமிலி வழியாகத் தக்கோலம் பக்கம் போகிறது. கி.பி. 949இல் சோழ இளவரசன் இராசாதித்தன் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு பொருது யானை மேல் மாண்ட அதே தக்கோலம். அதன் அருகே கேசாவரம் அணைக்கட்டு. கூவம் ஆறு பிரிவது இங்கேதான். சென்னைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் கூவத்தின் தலைமாடு அரக்கோணம் வட்டத்தின் விளிம்பில், தெளிந்த நீராக இருக்கிறது. மழை நாளில் பார்த்தால் நம்பச் சற்று நேரம் பிடிக்கும். மற்ற கிளை வடகிழக்கே பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

கொசஸ்தலைக்கு இன்னொரு தலையும் உண்டு. ஆந்திர மலைகளிலிருந்து பள்ளிப்பட்டு வழியாக வருவது அது. நகரி ஆறும், திருத்தணிப் பக்கத்து நந்தி ஆறும் கூட இந்தத் தொகுதியில் சேர்கின்றன. பூண்டிக்குத் திடீரென நீர் உயர்ந்தால் காரணம் பெரும்பாலும் இந்த மலைக் கிளைதான். நம் ஏரிக் கிளை மெதுவானது; இடையிடையே ஏரிகள் நீரை வாங்கிக்கொள்ளும்.

“பழைய பாலாறு” என்று சிலர் சொல்வது இதையா?

இதையேதான். கொசஸ்தலையின் தெற்குக் கிளைக்கு ‘விருத்த க்ஷீர நதி’, அதாவது முதிய பாலாறு என்ற பெயர் பழைய ஆவணங்களில் இருக்கிறது. பாலாறு ஒரு காலத்தில் காவேரிப்பாக்கம் அருகிலிருந்து வடகிழக்காக ஓடிக் கடலில் சேர்ந்தது, பின்னர் தென்கிழக்காகத் திரும்பியது என்பது நிலவியலாளர் கருத்து. இப்போதைய சிறிய ஆற்றுக்குப் பொருந்தாத அகலத்தில், ஆவடி, மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கிடக்கும் ஆற்று மணல் படுகைகள் அதற்குச் சான்று. சென்னை பல பத்தாண்டுகள் இறைத்துக் குடித்த மீஞ்சூர் நீர், அந்தப் பழைய மணலில் தங்கியதே.

பூண்டிக்குப் பிறகு எவ்வளவு நீர் கழிக்குப் போகிறது?

மழை இல்லாத மாதங்களில் ஏறக்குறைய எதுவுமில்லை. 1944இல் முடிந்த பூண்டி நீர்த்தேக்கம் (சத்தியமூர்த்தி சாகர்) 3,231 மில்லியன் கன அடி பிடிக்கும். அதைத் தாண்டி தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகள் உண்டு. தாமரைப்பாக்கத்தில் திருப்பிய நீர் சோழவரம் ஏரி வழியே புழல் ஏரிக்குப் போகும். ஆக எண்ணூர் கழிக்கு நன்னீர் என்பது ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மட்டுமே. மீதி பத்து மாதமும் அது கடலின் நீட்சி.

எண்ணூர் கழி எவ்வளவு பெரிது? அதை உயிரோடு வைத்திருப்பது எது?

சென்னை நடுவிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டரில், நீர்ப்பரப்பு சுமார் 2.25 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் உப்புச் சதுப்பு, உப்பளம், அலையாத்தி மரங்கள். ஏரியோடு ஒப்பிட்டால் காவேரிப்பாக்கம் நீர்ப்பரப்பு இதைப்போல் ஏழு மடங்கு.

ஆனால் ஏரி ஆண்டுக்கு ஒருமுறை நிரம்புகிறது. கழி நாளுக்கு இரண்டு முறை நிரம்பி வடிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நீர் மட்டம் சுமார் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அட்டமி, நவமி வாக்கில் அதில் பாதிகூட இருக்காது. கழியினுள்ளே 0.8 மீட்டர் ஏறுகிறது என்று கொண்டால், 18 லட்சம் கன மீட்டர், அதாவது 64 மில்லியன் கன அடி நீர் உள்ளே வருகிறது. ஏற ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வினாடிக்குச் சராசரி 2,900 கன அடி. வெள்ளம் வந்த பாலாற்றுக் கால்வாயைவிடப் பெரிய ஓட்டம், மழையே இல்லாத சித்திரையிலும் முகத்துவாரத்தில் உள்ளும் புறமும் ஓடுகிறது. கழி முழுக்க ஒரே அளவில் ஏறாது என்பதால் இது தோராயம். ஆனாலும் வாயைத் திறந்து வைத்திருப்பது ஆறு அல்ல, இந்த ஓட்டம்தான் என்பது கணக்கிலேயே தெரியும்.

அப்படியானால் முகத்துவாரம் ஏன் தூர்ந்துபோகிறது?

சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகிறது. வடகிழக்குப் பருவத்தில் மட்டும் திசை திரும்பித் தெற்கே வரும். கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கியே அதிகம். இந்த மணல் வாயின் குறுக்கே திட்டாகப் படிகிறது. ஏற்றமும் (கடல் நீர் ஏறுவது) வற்றமும் (இறங்குவது) அதை அரித்துக் கடலுக்குள் தள்ளுகின்றன. இது ஓயாத இழுபறி. ஓட்டம் வலுவாக இருந்தால் வாய் திறந்திருக்கும், மெலிந்தால் மணல் வெல்லும்.

ஓட்டத்தை மெலிய வைப்பது கழியின் பரப்புச் சுருங்குவது. அனல் மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து சாம்பல் சேறு படிந்ததும், சதுப்பில் மண் கொட்டிச் சாலையும் கிடங்கும் எழுந்ததும் இதைத்தான் செய்தன. உள்ளே ஒரு சதுர கிலோமீட்டர் மேடானால், மேலே போட்ட கணக்கில் 28 மில்லியன் கன அடி ஓட்டம் ஒவ்வோர் ஏற்றத்திலும் குறையும். பிறகு எத்தனை முறை தூர்வாரினாலும் வாய் மறுபடி அடைபடும். உள்ளே இருக்கும் சாம்பலை விட்டுவிட்டு வாயை மட்டும் வெட்டுவது, வரத்துக்காலை விட்டுவிட்டு மதகுக்கு வர்ணம் பூசுவது போலத்தான்.

கரையோரத்து இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தபின் மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரித்தது. அங்கே இன்று காண்பது பாறைக் குவியலும், கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய தூண்டில் வளைவுகளும்தான்.

கழியைச் சுற்றி யார் வாழ்கிறார்கள்?

காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மூன்றும் கழியை நம்பிய மீனவ ஊர்கள். எண்ணூர்க் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் கடலோரத்தவை. மேற்கே அத்திப்பட்டில் உப்பளத் தொழில். வடக்கே காட்டுப்பள்ளி. இவற்றுக்கு நடுவே 2001இல் திறந்த எண்ணூர் துறைமுகம் (இப்போது காமராஜர் துறைமுகம்), மின் நிலையங்கள், எண்ணெய்க் கிடங்குகள்.

பிடிப்பில் முதலிடம் இறாலுக்கு. கடலில் பொரிந்து, குஞ்சாகக் கழிக்குள் வந்து, சதுப்பில் வளர்ந்து, திரும்பக் கடலுக்கு இறங்கும் பிராணி அது. வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வராது. வெள்ளம் வராவிட்டால் உப்பு கூடி வளர்ச்சி குன்றும். மடவை, கொடுவா, களி நண்டு எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ இதே கதை. ஆகவே கழி மீனவருக்குக் கடல் நீரும் வேண்டும், நம் பக்கத்திலிருந்து வரும் உபரியும் வேண்டும். இருளர் மக்கள் வலை இல்லாமல், இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் பறியில் (மீன் கூடையில்) போட்டுக்கொள்வார்கள். சேற்றில் சாம்பலோ எண்ணெயோ படிந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்கள் கைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் பரவியபோது படகும் வலையும் கறுத்துப் போயின.

எண்ணூரும் பழவேற்காடும் ஒரே நீரா?

வடிநிலம் வேறு, நீர் தொடர்பு உண்டு. பழவேற்காடு ஏரிக்கு ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி என்று தனி வரத்து. இரண்டையும் பக்கிங்ஹாம் கால்வாய் இணைக்கிறது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய்தான், தாது வருடப் பஞ்ச நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, 1878இல் ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைப் பெற்றது.

பழவேற்காட்டில் ‘பாடு’ முறை இருக்கிறது. இறாலுக்குச் சுத்துவலை கட்டும் நல்ல இடங்களை ஊர்த் தலைக்கட்டுகள் முறைவைத்துப் பங்கிடும் வழக்கம் அது. நம் பக்கத்து நீர்க்கட்டி (ஊரில் நீர் பங்கிடுபவர்) மடைமுறை வைத்து வயலுக்கு நீர் விடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

நம் பக்கம் வெள்ளம் வந்தால் கழியோர ஊர்கள் ஏன் மூழ்குகின்றன?

பூண்டி நிறைந்து திறந்தால் அந்த நீர் முழுவதும் மணலி புதுநகர், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், சடையங்குப்பம் வழியாகத்தான் போக வேண்டும். புழல் ஏரியின் உபரிக் கால்வாயும் அங்கேயே சேர்கிறது. தரை கடல் மட்டத்தைவிடச் சில அடி மட்டுமே உயரம். வெள்ளம் வரும் நேரம் ஏற்றமாக இருந்தால் ஆறு மணி நேரம் நீர் வெளியேறாமல் பின்வாங்கும். புயல் காற்று கரையை நோக்கி வீசினால் வற்றத்திலும் முழுதாக வடியாது. வாய் மணலால் குறுகியிருந்தால் இன்னும் மோசம். 2021 நவம்பரில் பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்த அதே பருவத்தில் மணலி புதுநகரும் மூழ்கியது.

அதற்காகக் காவேரிப்பாக்கத்தை எப்போதும் குறைத்து வைக்க வேண்டும் என்பதில்லை. 1,474 மில்லியன் கன அடி பிடிக்கும் ஏரியும் அதன் கீழ் ஏரிகளும் சரியாக இருந்தால், அவையே வெள்ளத்தை நாட்கணக்கில் நிறுத்தி அனுப்பும். தூர்ந்த ஏரிதான் உடனே வழியும்.

மீஞ்சூரில் கிணறு உப்பானதற்கு யார் காரணம்?

விவசாயமும் நகரமும் ஆலைகளும் சேர்ந்து இறைத்ததுதான். நன்னீர் கடல் நீரைவிட இலேசு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். அதே கணக்கில், நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால் உப்பு நீர் 40 அடி மேலேறும். 1960களிலிருந்து மீஞ்சூர் கிணற்று வயல்களில் நடந்தது இதுவே. உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. நம் பக்கம் ஆழ்குழாய் வற்றினால் ஒரு மழையில் ஓரளவு ஊறும். அங்கே உப்பு ஏறிய மணலைக் கழுவ எத்தனையோ மழை வேண்டும். 2010இல் காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது.

வேலூரிலிருந்து ஒரே நாளில் இரு முனையையும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் மழைக்கால நாளாக இருக்க வேண்டும். காலையில் பெங்களூர்–சென்னை நெடுஞ்சாலையில் வாலாஜா அணைக்கட்டு, அடுத்து காவேரிப்பாக்கம் ஏரிக்கரை, கடைவாசல். அங்கிருந்து நெமிலி, தக்கோலம், கேசாவரம். அரக்கோணத்தில் ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரல். அங்கே கும்மிடிப்பூண்டி புறநகர் வண்டிக்கு மாறினால் எண்ணூர் நிலையம். இறங்காமல் அடுத்த நிலையமான அத்திப்பட்டு புதுநகர் வரை போங்கள். இடையில் வண்டி கழியின் மேலேயே கடக்கும், வலப்பக்கம் உட்காருங்கள்.

போகும் முன் சென்னைக்கான ஏற்ற–வற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வற்றத்தில் போனால் சேற்றுத் திட்டும் சாம்பல் படிவும் இறால் தடவுபவர்களும் கண்ணில் படுவார்கள். ஏற்றத்தில் போனால் வெறும் பரந்த நீர் மட்டும். முகத்துவாரத்தில் குளிக்க இறங்க வேண்டாம். வற்றம் தொடங்கியதும் அந்த இழுப்பு நீந்தத் தெரிந்தவரையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும்.